மணமாகாத, பிள்ளையில்லாத ஓர் ஆணின் வாசெக்டமி முடிவு: யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

சம்பந்தப்பட்டவரின் சம்மதத்துடன் இதை எழுதுகிறேன். அவரை இனங்காட்டக்கூடிய சில விபரங்களை மாற்றியிருக்கிறேன். நடந்தவற்றின் ஒழுங்கில் கை வைக்கவில்லை.

யாழ்ப்பாணத்தில் உளவளத்துணைப் பணியில் இருக்கிறேன். வாசெக்டமி எனும் ஆண் கருத்தடைச் சத்திரசிகிச்சை பற்றிக் கதைக்க எங்களிடம் வருபவர்கள் மிகக் குறைவு. வருகிற ஒருசிலரும் இரண்டு மூன்று பிள்ளைகள் பெற்று, மனைவியின் உடல்நிலையை எண்ணி வருபவர்கள். கலியாணமே கட்டாத ஒருவர் இதைக் கேட்டு வந்தால் சுற்றியிருப்பவர்களுக்கு என்ன செய்வதென்று தெரிவதில்லை. சிரித்து அனுப்பிவிடுவார்கள், அல்லது பயந்து மறுத்துவிடுவார்கள். இரண்டும் அவருக்கு உதவாது. அதனால்தான் இந்தப் பதிவு.

பின்னணி

அவர் வலிகாமத்துக்காரர். முதலில் வந்தபோது வயது 37. தனியார் நிறுவனமொன்றில் கணக்குப் பகுதியில் வேலை. 1995 ஒக்ரோபர் 30 இரவு போரால் வலிகாமமே எழுந்து தென்மராட்சிப் பக்கம் நடந்தபோது அவருக்குப் பத்து வயது. அடுத்த வருடம் குடும்பம் ஊர் திரும்பியது. பதினான்கு வயதில் தகப்பன் நோயில் இறந்தார். அவருக்குக் கீழே இரண்டு தங்கைமார், கடைசியாக மூன்று வயதில் ஒரு தம்பி.

தாய் தைத்துக் கொடுத்துக் குடும்பத்தைப் பார்த்தார். இவர் ஏ.எல். எழுதிய கையோடு ஹாட்வெயார் கடையொன்றில் பில் எழுதப் போனார். தம்பியின் பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம் என்றால் தாய்க்குத் தையலை விட்டு வர முடியாது, இவர்தான் போவார். பத்தொன்பது வயதில், நாற்பது வயது அப்பாமார் நடுவில், சின்னப் பிள்ளைகளின் வாங்கில் முழங்காலை மடித்துக்கொண்டு உட்கார்ந்து, தம்பியின் கணக்குப் புள்ளிக்கு ஆசிரியையிடம் பதில் சொல்லியிருக்கிறார். தங்கைமார் இருவரின் சீதனமும் இவருடைய உழைப்பும் கடனும். தம்பி பல்கலைக்கழகம் முடித்து வேலைக்குப் போனது 2021 இல். அடுத்த வருடம் நாடே பெற்றோல் வரிசையில் நின்றது. அப்போதுதான் சீதனக் கடனின் கடைசித் தவணையையும் கட்டி முடித்தார்.

முதல் சந்திப்பில் தெரிந்தவை

2023 தொடக்கத்தில் வந்தார். பதற்றம் இல்லை, முன்கூட்டியே யோசித்து வைத்த பேச்சு.

"பிள்ளை வளக்கிறது எண்டால் என்னெண்டு எனக்குத் தெரியும். மூண்டு பேரை வளத்து முடிச்சிட்டன். திரும்ப ஒருக்கா எனக்கு ஏலாது, விருப்பமும் இல்லை. ஓப்பரேசன் செய்யப் போறன். நான் சரியாத்தான் யோசிக்கிறனோ எண்டு ஆரோ ஒருத்தர் பார்த்துச் சொல்ல வேணும்."

சரியா பிழையா என்று தீர்ப்புச் சொல்வது என் வேலை இல்லை என்று சொன்னேன். எந்தக் கேள்விக்கு இந்தச் சத்திரசிகிச்சை பதிலாகும், எதற்கு ஆகாது என்று பிரித்துப் பார்க்க உதவலாம் என்றேன். சம்மதித்தார்.

முதல் சில அமர்வுகளில் இரண்டு விடயங்கள் தெளிவாயின. ஒன்று, பிள்ளை வேண்டாம் என்பது நேற்று முளைத்த எண்ணமில்லை. முப்பத்தொரு வயதில் ஒரு பெண்ணுடன் பழகினார். இருவருக்கும் ஒருவரையொருவர் பிடித்திருந்தது. அந்தப் பெண்ணுக்குப் பிள்ளைகள் வேண்டும், இவருக்கு வேண்டாம். ஏமாற்றக்கூடாது என்று சொல்லிவிட்டார், சண்டையில்லாமல் பிரிந்தார்கள். அந்தக் காலத்தில் ஒருமுறை ஆணுறை கிழிந்து, அவசர கருத்தடை மாத்திரை வாங்கி, மாதவிடாய் வரும்வரை இருவரும் நித்திரையில்லாமல் இருந்திருக்கிறார்கள். இலங்கையில் தாயின் உயிரைக் காப்பாற்ற அன்றி வேறெதற்கும் கருக்கலைப்புச் சட்டப்படி முடியாது. 1883 இன் தண்டனைச் சட்டக்கோவைதான் இன்றும் நடைமுறையில் உள்ளது. அந்தப் பயம் அவரில் ஆழமாகப் பதிந்திருந்தது. அதைவிட, பயத்தின் பாரம் முழுவதும் அந்தப் பெண்ணின் உடம்பில் விழுந்ததே என்ற உறுத்தல் இன்னும் ஆழம். "மாத்திரை குடிச்சது அவள். நான் தண்ணிப் போத்தலைப் பிடிச்சுக்கொண்டு நிண்டன்" என்றார்.

இரண்டாவது, கலியாணப் பேச்சு. கடைசித் தங்கையின் கலியாணம் முடிந்ததிலிருந்து தாய் இவருடைய சாதகக் குறிப்பைத் தரகரிடம் கொடுத்திருந்தார். ரொறன்ரோ, லண்டன், கொக்குவில் என்று மாறி மாறிச் சம்பந்தங்கள் வந்தன. எந்தெந்த நாட்களில் கொழும்பு வைத்தியசாலைகளுக்குத் தொலைபேசி எடுத்து விசாரித்தார் என்று கேட்டேன். கைத்தொலைபேசியை எடுத்துப் பார்த்துவிட்டு அவரே திடுக்கிட்டார். ஒவ்வொரு அழைப்பும் ஏதோவொரு குறிப்பு பொருந்தி வந்த கிழமையில் எடுக்கப்பட்டிருந்தது.

இதை நான் முக்கியமாகக் கருதினேன். பிள்ளை வேண்டாம் என்ற விருப்பம் உண்மை. ஆனால் சத்திரசிகிச்சையின் அவசரம் வேறெங்கோ இருந்து வந்துகொண்டிருந்தது. அதைச் செய்துவிட்டால் தாயிடம் "இனி முடியாது" என்று சொல்லித் தப்பலாம் என்ற எண்ணம் அடியில் இருந்தது. மகன் கலியாணத்தை மறுப்பதை ஒரு தாய் ஏற்காமல் விடலாம், வைத்தியர் கொடுத்த கடதாசியை மறுக்க முடியாதல்லவா.

ஆகவே இப்படிக் கேட்டேன்: "நாளைக்கே அம்மா குறிப்பைத் திருப்பி வாங்கிவிட்டார், இனி ஒருவரும் கலியாணம் பற்றிக் கதைக்கமாட்டார்கள் என்று வையுங்கள். அப்போதும் இதைச் செய்வீர்களா?" உடனே பதில் வரவில்லை. யோசித்துவிட்டு வருகிறேன் என்றார். அது நல்ல அறிகுறி என்று குறித்து வைத்தேன். உடனே "ஓம்" என்று சொல்லியிருந்தால் கூடுதலாகக் கவலைப்பட்டிருப்பேன்.

மருத்துவத் தகவல்கள்

இணையத்தில் நிறைய வாசித்திருந்தார். ஆனாலும் மனதுக்குள் ஊரின் பயமும் இருந்தது. சின்ன வயதில் நாம்பன் மாட்டுக்கு நலமடிப்பதை (காயடிப்பதை) பார்த்தவர். அதுபோல ஏதாவது ஆகிவிடுமோ என்று தலையைக் குனிந்துகொண்டு கேட்டார். அறிமுகமான ஒரு வைத்தியருடன் இருந்து கதைக்க ஏற்பாடு செய்தேன். அவர் விளக்கியது இதுதான்.

விதைகளை ஒருவரும் தொடுவதில்லை. விதையிலிருந்து விந்தணுக்களைக் கொண்டுவரும் இரண்டு மெல்லிய குழாய்களை வெட்டி முனைகளை அடைப்பார்கள், அவ்வளவுதான். அந்த இடத்தை மட்டும் மரக்கச் செய்து, அரை மணித்தியாலத்துக்குள் முடிகிற வேலை. கத்தி வைக்காமல் சிறு துளையால் செய்யும் முறையை 1974 இல் சீனாவில் லீ ஷுன்சியாங் என்ற வைத்தியர் உருவாக்கினார், இன்று உலகெங்கும் அந்த முறை பரவியிருக்கிறது. ஆண் ஹோர்மோன் இரத்தத்தில் கலந்து போவதால் அதற்கு ஒன்றும் ஆகாது. விந்தின் பெரும்பகுதி வேறு சுரப்பிகளிலிருந்து வருவதால் அளவிலும் வித்தியாசம் தெரியாது. பாலியல் நோய்களிலிருந்து இது பாதுகாப்புத் தராது, அதற்கு ஆணுறைதான்.

பாதகங்களையும் ஒளிக்கவில்லை. நூற்றில் ஒருவர் இருவருக்கு இரத்தக்கட்டோ தொற்றோ வரலாம். அதேயளவு பேருக்கு மாதக்கணக்கில் நீடிக்கும் வலி இருக்கலாம். செய்த அன்றே பலனில்லை. மூன்று மாதம் கழித்து, இடையில் இருபது தடவையளவு விந்து வெளியேறிய பின், பரிசோதனையில் விந்தணு இல்லை என்று உறுதியாகும்வரை வேறு முறையைக் கைவிடக்கூடாது. உறுதியான பின்னரும் ஏறத்தாழ இரண்டாயிரத்தில் ஒருவருக்குக் குழாய் தானாகச் சேர்ந்துகொள்ளலாம்.

மீள இணைப்பது பற்றி அவர் நினைத்திருந்தது உண்மையைவிடச் சுலபமாக இருந்தது. "தேவையெண்டால் திருப்பிச் செய்யலாம்தானே" என்று சொல்லிக்கொண்டிருந்தார். 1991 இல் அமெரிக்காவில் வெளியான பெரிய ஆய்வொன்றின்படி, மூன்று வருடத்துக்குள் மீள இணைத்தவர்களில் 76 வீதமானோரின் துணைவியர் கருத்தரித்தனர். பதினைந்து வருடம் தாண்டினால் அது 30 வீதம். செலவு கூடிய நுண்சத்திரசிகிச்சை அது. "திரும்பாது என்று நினைத்துத்தான் இதைச் செய்யவேண்டும்" என்று வைத்தியர் சொன்னார்.

வயதைப் பற்றியும் கதைத்தோம். முப்பதுக்கு முன் செய்தவர்களே பிற்காலத்தில் மீள் இணைப்பைக் கூடுதலாகத் தேடி வருகிறார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டலும் இளவயதைத் தடையாக வைக்கவில்லை, கூடிய கவனம் வேண்டிய இடமாகச் சொல்கிறது. 37 வயது அந்தக் கவலையைக் குறைத்தது, முழுதாக நீக்கவில்லை. விந்தை உறைய வைத்துச் சேமிப்பதையும் வைத்தியர் சொன்னார். ஒரு கிழமை யோசித்துவிட்டு வேண்டாம் என்றார். வருடா வருடம் அதற்குக் காசு கட்டும்போது, விரும்பாத ஒன்றுக்குத் தவணை கட்டுவதாகவே தோன்றும் என்றார். சீதனக் கடனைப் பத்து வருடம் கட்டிய ஒருவரின் பதில் அது. அதற்குமேல் நான் வற்புறுத்தவில்லை.

காத்திருக்க எடுத்த முடிவு

ஆறு மாதம் ஒன்றும் செய்வதில்லை என்று முடிவெடுத்தோம். யோசனை என்னுடையது, ஒப்புக்கொண்டது அவர். நிபந்தனை ஒன்றுதான்: அந்தக் காலத்துக்குள் தாயிடம் உண்மையைச் சொல்லவேண்டும். சத்திரசிகிச்சை பற்றி இல்லை, பிள்ளை வேண்டாம் என்பதை. கலியாணப் பேச்சு நின்ற பிறகும் விருப்பம் அப்படியே இருந்தால் மேலே போவது, குறைந்தால் விட்டுவிடுவது.

இடையில் சில நிலைமைகளைக் கற்பனை செய்து எழுதச் சொன்னேன். 42 வயதில் பிள்ளை வேண்டும் என்கிற ஒரு பெண்ணை விரும்பினால்? தங்கையின் பிள்ளையை வளர்க்கும் பொறுப்பு வந்தால்? அறுபதில் தனியாக விழுந்து கால் முறிந்தால்? இரண்டாவதற்கு "சந்தோசமாப் பாப்பன்" என்று எழுதியிருந்தார். அதில் முரண் இருப்பதாக நான் நினைக்கவில்லை, அவரும் நினைக்கவில்லை. மூன்றாவதற்கு மூன்று பக்கம். அங்கேதான் பயம் இருந்தது.

வீட்டில் சொன்னது

செப்ரெம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தாய் முருங்கையிலை உருவிக்கொண்டிருந்தபோது சொன்னார். தாய் அழவில்லை. நெடுநேரம் இலையை உருவிக்கொண்டே இருந்துவிட்டு, "அப்ப உன்னை ஆர் ராசா பாக்கிறது?" என்று கேட்டார்.

பேரப்பிள்ளை, கொள்ளி வைக்க ஆள், ஊர்ச் சனத்தின் கதை என்று எல்லாவற்றுக்கும் அவர் பதில் தயாராக வைத்திருந்தார். தாய் கேட்டது அவற்றில் எதுவுமில்லை, அவரே மூன்று பக்கம் எழுதிய அதே கேள்வி. அன்றிரவு இருவரும் ஈ.பி.எஃப். (சேமலாப நிதி) எவ்வளவு, காணி யாருடைய பேரில், தம்பி எங்கே இருக்கப்போகிறார் என்று கதைத்திருக்கிறார்கள். தாய் மறுநாளே குறிப்பைத் திருப்பி வாங்கவில்லை. ஆனால் தரகரிடம் "கொஞ்சம் பொறுங்கோ" என்று சொன்னார்.

தாய் மாமா அவ்வளவு பொறுமையாக இருக்கவில்லை. ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்றவர், நாட்டுப்பற்றுள்ளவர். "2010 இல பாராளுமன்றத்தில ஒன்பது சீற் இருந்த யாழ்ப்பாணத்துக்கு இப்ப ஏழு. இருக்கிற நீங்களும் பெறமாட்டம் எண்டால் இந்த மண்ணில ஆர் இருக்கிறது?" என்று கேட்டாராம். 2024 தேர்தலில் அது ஆறாகவும் குறைந்தது. 1981 இல் ஏழு லட்சத்தைத் தாண்டியிருந்த மாவட்டத்தின் சனத்தொகை 2012 கணக்கெடுப்பில் 5 லட்சத்து 83 ஆயிரம். மாமாவின் துயரம் பொய்யில்லை, எங்கள் எல்லோருக்கும் அது உண்டு. கருத்தடை என்றாலே இங்கே சனம் துணுக்குறுவதற்கும் காரணம் இருக்கிறது. 2013 இல் கிளிநொச்சியின் சில கிராமங்களில், போதிய விளக்கம் தராமல் தங்கள் கையில் கருத்தடைக் குச்சி வைத்தார்கள் என்று பெண்கள் முறையிட்டதை இன்னும் யாரும் மறக்கவில்லை.

ஆனால் இந்த மண்ணின் சனத்தைக் குறைத்தது போரும் புலம்பெயர்வும். அந்தக் கணக்கைத் தீர்க்கும் கடமையை, பதினான்கு வயதிலிருந்து மூன்று பிள்ளைகளை வளர்த்த ஒருவரின் தலையில் வைப்பது நியாயமில்லை என்பது என் உறுதியான கருத்து. கிளிநொச்சிப் பெண்கள் கேட்டதும் தங்கள் உடம்பில் நடப்பதைத் தாங்களே விளங்கித் தீர்மானிக்கும் உரிமையைத்தான். இவர் கேட்டதும் அதையேதான். மாமாவிடம் அவர் இதையெல்லாம் வாதாடவில்லை. "நான் வளத்த மூண்டு பேரும் இந்த மண்ணிலதான் இருக்கினம் மாமா" என்று மட்டும் சொன்னார்.

மறுப்புகளும் ஒரு சம்மதமும்

ஆறு மாதம் முடிந்தது. சம்பந்தப் பேச்சு அடங்கியிருந்தது, விருப்பம் அடங்கவில்லை. இம்முறை அவசரமில்லாமல், அமைதியாக இருந்தது. அதன்பின் நான் தயங்கவில்லை.

முதலில் அரச பக்கம் விசாரித்தார். 1965 இல் குடும்பத்திட்டமிடல் அரச சுகாதார சேவைக்குள் வந்த காலம் முதல், சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையும் வீடு வீடாகப் போகும் குடும்பநல உத்தியோகத்தரும் இதைச் சுமந்து வருகிறார்கள். ஆனால் அந்த ஒழுங்கு முழுவதும் தம்பதிகளை மனதில் வைத்தது. "மனைவி வரேல்லையோ? எத்தினை பிள்ளையள்?" என்ற இரண்டு கேள்விகளோடு அந்தப் பேச்சு முடிந்தது. மரியாதையாகத்தான் நடத்தினார்கள், அவர்களின் படிவத்தில்தான் இவருக்கு இடம் இல்லை. தனியார் சத்திரசிகிச்சை நிபுணர் ஒருவர் "கலியாணம் கட்டிப்போட்டு வாரும் தம்பி, அப்ப பாப்பம்" என்றார். அந்த வசனம் அவரைக் கடுமையாகப் பாதித்தது. இன்னும் பேச்சிலேயே இல்லாத ஒரு மனைவிக்குத் தன் உடம்பில் தன்னைவிடக் கூடிய அதிகாரம் இருப்பதாகப் பட்டது என்றார்.

கடைசியில் கொழும்பில் ஒரு சிறுநீரக சத்திரசிகிச்சை நிபுணர், இடைவெளி விட்டு இரண்டு தடவை சந்தித்து, என் கடிதத்தையும் வாசித்து, மறுபடி தன் வாயால் கேட்டுத் தெளிந்து சம்மதித்தார்.

சிகிச்சையும் பின்னரும்

2024 பெப்ரவரியில் நடந்தது. மயக்கம் இல்லை, ஊசி போட்ட நேரம் சுருக்கென்றதைத் தவிர வலியில்லை. இரண்டு நாள் கொழும்பில் நண்பர் வீட்டில் ஓய்வெடுத்துவிட்டு ஊர் வந்தார். அலுவலகத்தில் ஹேர்னியா என்று சொல்லியிருந்தார். லீவு போதாமல் நாலாம் நாளே மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போனார். சுன்னாகம் தாண்டும் முன்னே வலி ஏறி, பின்னேரம் வீங்கி நீலம் பாரித்தது. சிறிய இரத்தக்கட்டு. மருந்தோடும் ஒரு கிழமை படுக்கையோடும் சரியாகிவிட்டது.

எதிர்பாராத சிக்கல் பரிசோதனையில் வந்தது. விந்து மாதிரியை எடுத்து ஒரு மணித்தியாலமளவில் பார்ப்பது நல்லது என்பதால் வீட்டிலிருந்து தூரத்துக்குக் கொண்டுபோக முடியாது. யாழ்ப்பாண நகரில் ஒரு ஆய்வுகூடத்துக்குப் போனார். பதிவு மேசையில் இருந்தவர் வகுப்புத் தோழனின் மனைவி. "அண்ணை, என்ன ரெஸ்ற்?" என்று கேட்டதும், சீனி பார்க்க வந்ததாகச் சொல்லி, இரத்தம் கொடுத்துவிட்டுத் திரும்பினார். பிறகு இரவு பஸ் ஏறிக் கொழும்புக்குப் போய், மாதிரி எடுக்கத் தனி அறையுள்ள ஆய்வுகூடத்தில் கொடுத்தார். முதல் அறிக்கையில் அசையும் விந்தணுக்கள் சில இருந்தன. சோர்ந்துபோனார். இது நடக்கக்கூடியது, பொறுத்து மறுபடி பார்க்கலாம் என்று வைத்தியர் சொன்னார். ஆறு கிழமை கழித்து எடுத்த இரண்டாவது அறிக்கையில் ஒன்றும் இல்லை.

ஒரு வருடத்துக்குப் பிறகு

2025 இல் சந்தித்தபோது வருத்தம் இல்லை என்றார். நம்புகிறேன். தாய்க்கு சத்திரசிகிச்சை பற்றியும் தெரியும். வீங்கிய கிழமையில் சுடுதண்ணீரும் சூப்பும் கொண்டுவந்தவருக்கு ஹேர்னியாக் கதையைச் சொல்ல மனம் வரவில்லையாம். குறிப்பு இப்போது வீட்டு அலுமாரியில் இருக்கிறது. மாமா கதைக்கிறார், முன்போல் வீட்டுக்கு வருவதில்லை.

ஒன்று அவரே எடுத்துச் சொன்னார். கலியாணப் பேச்சின் இரைச்சல் நின்ற பிறகு தனிமை தெரிய ஆரம்பித்திருக்கிறது. துணை வேண்டாம் என்று அவர் ஒருபோதும் நினைத்ததில்லை. பிள்ளை வேண்டாம் என்பதும் துணை வேண்டாம் என்பதும் எங்கள் ஊரில் ஒன்றாகவே எடுக்கப்படுவதால், முதலாவதைச் சொன்னதும் இரண்டாவது கதவையும் மற்றவர்களே சாத்திவிட்டார்கள். அதைப் பற்றிக் கதைக்கத்தான் இப்போது வருகிறார்.

அடுத்த தடவை மாற்ற வேண்டியவை

ஆறு மாதக் காத்திருப்பை மாற்றமாட்டேன். இவருக்கு அது பொருந்தியது. அவசரம் வெளியிலிருந்து வராத ஒருவருக்கு அவ்வளவு காலம் தேவைப்படாமலும் போகலாம், அதை ஆளைப் பார்த்துத்தான் தீர்மானிக்கவேண்டும்.

துணை பற்றிய பேச்சைச் சத்திரசிகிச்சைக்கு முன்பே தனியாக எடுக்கவேண்டும். பிள்ளை வேண்டாம் என்கிற பெண்களும் எங்களிடம் வருகிறார்கள், அவர்களும் இதே மௌனத்தில்தான் இருக்கிறார்கள். புதிதாக ஒருவருடன் பழகத் தொடங்கினால் எந்தக் கட்டத்தில், என்ன சொல்லிச் சத்திரசிகிச்சையைத் தெரிவிப்பது என்பதையும் முன்கூட்டியே கதைத்து வைப்பது நல்லது. இவர் எடுத்திருக்கும் முடிவு, விருப்பம் என்ற சொல் வருவதற்கு முன்பே சொல்லிவிடுவது.

லீவு குறைந்தது ஒரு முழுக் கிழமை. மோட்டார் சைக்கிளிலேயே ஓடித்திரியும் ஊர் இது, அதைத் தொடக்கூடாது என்பதை எழுதியே கொடுக்கவேண்டும். பரிசோதனை எங்கே, எந்த நாளில் என்பதைச் சத்திரசிகிச்சைத் திகதி குறிக்கும்போதே குறித்துவிடவேண்டும், இரண்டாவது தடவையும் தேவைப்படலாம் என்ற எண்ணத்தோடு.

மறுத்த வைத்தியர்களைக் குறை சொல்லவில்லை. அவர்கள் தயங்குவது எனக்கு விளங்குகிறது. மறுப்பதானால் வேறு யாரிடம் போகலாம் என்று ஒரு வரி எழுதிக் கொடுக்கலாம், அதைத்தான் கேட்கிறேன். இப்போது இப்படி ஒருவர் வந்தால் நாங்கள் அந்த ஒரு வரியை முதல் நாளே கொடுக்கிறோம்.